கம்பு விதையின் தூய்மை: ஊர் கூடிக் காக்க வேண்டிய செல்வம்

நல்ல இரகமென்று வாங்கி விதைத்த கம்பு முதலாண்டில் ஒரே சீராக வளர்ந்தது. அதிலிருந்து எடுத்த விதையை விதைத்து வர, மூன்றாம் ஆண்டில் ஒரு செடி நெட்டையாகவும் மற்றொன்று குட்டையாகவும் நின்றது. கதிர்களும் ஒன்றாக முற்றவில்லை. உழவர் பலர் இவ்வாறு குறைப்படுவதுண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் நிலமன்று, உரமுமன்று, காற்றே ஆகும். அது எவ்வாறென்று ஆராய்வோம்.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆகவே, விதைநெல் வயலுக்கும் வேறு இரக நெல் வயலுக்கும் இடையே 3 மீட்டர் விலகு தூரம் போதுமென்று விதைச்சான்று விதிகள் கூறுகின்றன. கம்பின் இயல்பு வேறு. கம்பங்கதிரில் சூலக முடிகளே முதலில் வெளிப்படும். அதே கதிரின் மகரந்தம் அதன் பின்னரே உதிரும். அந்த இடைவேளையில் காற்று கொண்டுவரும் அயற்செடியின் மகரந்தமே கருவுறச் செய்கிறது. எனவே, கம்பு இரகங்களின் ஆதார விதைக்கு 400 மீட்டரும், சான்று விதைக்கு 200 மீட்டரும் விலகு தூரம் வேண்டும்.

ஒரு செடியைச் சுற்றி எப்புறமும் 200 மீட்டர் அளந்தால், அவ்வட்டத்துள் ஏறத்தாழ 31 ஏக்கர் அடங்கும். இரண்டு மூன்று ஏக்கர் உடைய உழவர் தனித்து நின்று இதைச் செய்ய இயலாது. வேலியும் வரப்பும் மகரந்தத்தைத் தடுப்பதில்லை. ஆகவே, இது ஊராட்சியின் பணியாகிறது. விதைப்புக்கு முன்பே அடுத்தடுத்த நிலத்தாரை அழைத்துப் பேசி, ஒரு பகுதி முழுவதும் ஒரே இரகத்தின் சான்று விதையை விதைக்க உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். இணக்கம் ஏற்படாவிடில், வயல்கள் ஒரே காலத்தில் பூக்காதவாறு விதைக்கும் நாளை மாற்றலாம்.

விதை வயலில் உழவர் கவனிக்க வேண்டியவை:

1. உயரம், இலை, கதிர் ஆகியவற்றில் மாறுபட்ட கலவன்களை, இயன்றவரை அவை மகரந்தம் உதிர்க்கும் முன்பே வேரோடு பிடுங்குக. உதிர்த்தபின் பிடுங்குவதால் பயன் குறைவு.

2. வயலோரத்தை விடுத்து நடுப்பகுதியிலிருந்து விதைக்கதிர் எடுக்குக. மிகப் பெரிய சில கதிர்களை மட்டும் தெரிந்தெடுத்தல் தவறு. சில செடிகளின் வழியே ஆண்டுதோறும் விதை பெருக்கினால் பயிரின் வீரியம் குன்றும். நோயற்ற செடிகள் பலவற்றிலிருந்து கதிர் சேர்த்தல் நன்று.

3. களமும் சாக்கும் துப்புரவாயிருத்தல் வேண்டும். விதையின் ஈரப்பதம் 12 சதவீதத்திற்கு மேற்படாதவாறு உலர்த்துக.

இவையனைத்தும் இரகங்களுக்கே பொருந்தும். வீரிய ஒட்டுக் கம்பின் விளைச்சலிலிருந்து விதை எடுத்தல் ஆகாது. அடுத்த தலைமுறையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்து கலந்து, பயிர் சீர்கெடும். ஒட்டு விதையைப் பருவந்தோறும் புதிதாக வாங்கவே வேண்டும்.

நீர்ப்பங்கீட்டிற்கு ஊர் கூடிப் பேசுவது நம் பழைய வழக்கம். கம்பு விதைக்கும் அவ்வாறே கூடுவோமாக. அடுத்தவர் வயலின் தூய்மையே நம் வயலின் தூய்மையன்றோ!