தொலைந்த பணப்பை

தெருவில் ஒருவரது பணப்பை தவறி விழுகிறது. முன்பின் அறியாத ஒருவர் கையில் அது கிடைக்கிறது. அவர் அதனை உரியவரிடம் சேர்ப்பாரா? பையில் பணம் இருந்தால் ஆசை வென்றுவிடும் என்றே பலரும் எண்ணுவர். இவ்வெண்ணம் சரிதானா என்பதை அறிய ஆய்வாளர்கள் சிலர் முனைந்தனர்.

இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளில், 355 நகரங்களில், பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பைகளைக் கொண்டு அவர்கள் ஒரு சோதனை நடத்தினர். வங்கி, அஞ்சலகம், தங்கும் விடுதி, காவல் நிலையம் போன்ற இடங்களுக்கு ஆய்வுக்குழுவினர் ஒருவர் செல்வார். பை தெருவில் கிடந்ததாகவும், தமக்கு நேரமில்லை என்றும் கூறி, அங்குள்ள பணியாளரிடம் அதனை ஒப்படைத்துவிட்டுச் செல்வார். உள்ளிருப்பது வெளியே தெரியும் அப்பையில் ஒரு சாவியும், கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலும், உரியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அச்சிட்ட அட்டைகளும் இருக்கும். சில பைகளில் பணமும் இருந்தது; சிலவற்றில் இல்லை.

2019ஆம் ஆண்டு வெளியான முடிவு பலரையும் வியக்கச் செய்தது. பணமில்லாத பையைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 40 பேர் உரியவருக்குச் செய்தி அனுப்பினர். பணமிருந்த பையைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 51 பேர் அனுப்பினர்! 38 நாடுகளில் இதே போக்குக் காணப்பட்டது. பிறர் பணத்தை வைத்துக்கொண்டால் தம்மைத் தாமே திருடராகக் கருத நேரும் என்ற கூச்சமும், பொருளை இழந்தவர்மீது கொண்ட இரக்கமும் இதற்குக் காரணங்கள் என ஆய்வாளர்கள் விளக்கினர். செய்தி அனுப்பாதவர்களும் பலர் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும், மக்கள் அஞ்சும் அளவுக்கு உலகம் நேர்மையற்றதன்று என்பதை இச்சோதனை காட்டியது.

பிறர்மீது கொள்ளும் இந்நம்பிக்கைக்கும் மனநிறைவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மனநிறைவை அளக்க அறிஞர்கள் ஓர் ஏணியை எண்ணிப் பார்க்கச் சொல்வர். அதன் அடியில் 0, உச்சியில் 10. உச்சிப்படி ஒருவர் அடையத்தக்க மிகச் சிறந்த வாழ்வைக் குறிக்கும். தாம் எந்தப் படியில் நிற்பதாக ஒருவர் உணர்கிறார் என்பதே வினா. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை இவ்வினாவையே பயன்படுத்துகிறது. தொலைந்த பை திரும்பி வரும் என்று நம்பும் மக்கள் மகிழ்ச்சி மிக்கவராக இருப்பதை 2025ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது.

நம்பிக்கை வளர்ந்தால் உறவு மலரும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு, 724 ஆண்களின் வாழ்வைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. தம் 50ஆம் அகவையில் உறவுகளில் நிறைவு கண்டவர்களே 80ஆம் அகவையில் நல்ல உடல்நலத்தோடு விளங்கினர்.

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்குத் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா ஆகியோர் தொலைவில் ஆகிவிடுகின்றனர். புதிய ஊரில் நம்பிக்கையைச் சிறிது சிறிதாகவே வளர்க்க முடியும். பூட்டிய வீட்டின் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டார் வேறு மொழி பேசுவோராக இருக்கலாம். பொங்கலன்று அவர்கள் வீட்டுக்குச் செல்லும் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல், வேறோர் இனிப்புடன் திரும்பி வருகிறது. எனினும், எவரையும் ஆராயாமல் நம்புதல் தகாது. ஆராய்ந்து நம்புதலுக்கெனத் திருவள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்னும் அதிகாரத்தையே வகுத்துள்ளார்.

பிறரை நம்புவது பாதி. பிறர் நம்பத்தக்கவராக நடப்பது மறுபாதி. வகுப்பறையில் கண்டெடுத்த பேனாவை உரியவரிடம் சேர்க்கும் மாணவர், அவ்வேணியில் தம்மோடு மற்றொருவரையும் ஒரு படி உயர்த்துகிறார்.

சொற்பொருள்

முனைந்தனர் – முயன்றனர்
அகவை – வயது
தகாது – பொருந்தாது
மனநிறைவு – உள்ளத்தில் தோன்றும் திருப்தி

பயிற்சி

1. பணப்பைச் சோதனையின் முடிவு வியப்பளித்தது ஏன்?
2. 'ஏணி' எதனை அளக்கப் பயன்படுகிறது?
3. பிரித்து எழுதுக: இவ்வெண்ணம், இந்நம்பிக்கை, அவ்வேணி.
4. அண்டை வீட்டாருடன் நம்பிக்கை வளர்ந்த ஒரு நிகழ்வைப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.