தொட்டில் மெத்தை: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை



நம்மில் பலர் ஜவுளியோடு பாய், தலையணை, மெத்தை முதலியவற்றையும் வைத்து விற்கிறோம். அவற்றில் மிகச் சிறிய சரக்கு, பிறந்த குழந்தையின் கட்டிலுக்குப் போடும் மெத்தையாகும். அது அலமாரியின் அடியில் கிடக்கும். மாதத்திற்கு நாலைந்து விற்றால் அதிகம். ஆயினும் கடையிலுள்ள சரக்குகளிலெல்லாம் நாம் மிகுந்த கருத்தோடு விற்க வேண்டியது அதுதான் என்பதை நான் சற்றுத் தாமதமாகவே அறிந்துகொண்டேன். நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்தவன், வைத்தியன் அல்லன். கடையில் கண்டதையும், பின்னர் தாதிமாரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் ஒரு பாடமாக இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் இளம் பெண் தன் மாமியாருடன் கடைக்கு வந்தாள். தலைச்சன் பிள்ளை, பிறந்து ஒரு மாதம் இருக்கும். “பாய், புள்ளைக்கு நல்லா மெத்துமெத்துன்னு ஒண்ணு குடுங்க” என்றாள். இருந்தவற்றில் மிகவும் மிருதுவானதை எடுத்துப் போட்டேன். மெத்தையோடு ஒரு தலையணை, இரண்டு பக்கத் தலையணை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு எல்லாம் சேர்ந்த செட் அது. விலை கூடியது, எனக்கு லாபமும் கூடியது. “இதுல படுத்தா ராஜா மாதிரி தூங்கும் தங்கச்சி” என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து அந்த மாமியார் மட்டும் வந்தார். சண்டை போடவில்லை. குழந்தை இரவில் குப்புறப் புரண்டு, மெத்தையில் முகம் புதைந்து, நீலம் பாரித்துக் கிடந்ததாம். தண்ணீர் குடிக்க எழுந்த பாட்டனார் தற்செயலாகப் பார்த்துத் தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள், இறைவன் அருளால் பிள்ளை பிழைத்துக்கொண்டது. “இத வேற யாருக்கும் குடுக்காதீங்க பாய். அத சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்” என்றார் அந்த அம்மாள். பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை. நானாகக் கொடுத்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மிருதுவானது நல்லது என்று நான் சொன்னது பொய்யன்று, அறியாமை. ஆயினும் அறியாமையை விலைக்கு விற்றவன் நானல்லவா?

மிருதுவான மெத்தை பெரியவர்களுக்குச் சுகம். பச்சிளங் குழந்தைக்கு ஆபத்து. காரணம் யாதெனில், குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது, கழுத்தோ வலுவற்றது. முகம் ஒரு பள்ளத்தில் பதிந்துவிட்டால் அதனால் தலையைத் தூக்கித் திருப்ப முடியாது. மூக்கு முழுவதும் அடைபடாவிட்டாலும், தான் வெளியே விட்ட மூச்சுக்காற்று அந்தப் பள்ளத்திலேயே தங்கி, அதையே திரும்பத் திரும்ப இழுக்கும். நல்ல காற்றுக் குறைந்து மயக்கம் வரும். அழுது கூப்பிடவும் இயலாது. ஆகவேதான் இப்படிப்பட்ட மரணங்கள் சத்தமில்லாமல் நடக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்திற்குள் நிகழ்பவை.

உலகம் இதைப் படித்துக்கொண்டதும் அண்மைக் காலத்தில்தான். முன்பு மேல்நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கும்படி வைத்தியர்களே சொல்லி வந்தார்கள். 1991ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் நியூஸிலாந்திலும், 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பெரும் பிரசாரம் செய்தார்கள். அதற்குப் பின் அந்நாடுகளில் காரணம் தெரியாத தொட்டில் மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. மல்லாக்கப் படுக்க வைத்தல், கெட்டியான சமதளமான மெத்தை, மெத்தையின் மேல் வேறு ஒன்றும் இல்லாமை ஆகிய மூன்றுமே இன்று வைத்தியர்கள் சொல்லும் பாடம்.

இனி மெத்தையின் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். நம் வட்டாரத்தில் வழங்குபவை நான்கு வகை.

முதலாவது இலவம் பஞ்சு. மலாய்க்காரர் இதைக் கெகாபு என்பர். பெரியவர் தலையணைக்கு ஏற்றது. ஆனால் நாளாக நாளாகக் கட்டிதட்டி, படுத்த இடம் குழியும். குழிந்த இடத்தில்தான் குழந்தையின் தலை இருக்கும். ஆதலால் குழந்தைக்கு வேண்டாம்.

இரண்டாவது ரப்பர்ப்பால் நுரை மெத்தை. இது நம் மாநிலத்தோடு உறவுடையது. 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்திற்கென்று போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியார் ரப்பர்ப்பாலை நுரையாக அடித்து மெத்தையாக்கும் வழியைக் கண்டார்கள். விடியற்காலையில் பால் சீவிய நம் தோட்டத்து மக்கள் லயத்தில் பாயில் படுத்தார்கள்; அவர்கள் எடுத்த பால் சீமையில் மெத்தையாயிற்று. அது கிடக்கட்டும். கெட்டியாகச் செய்த ரப்பர்ப்பால் மெத்தை நல்லதே. ஆனால் விலை கூடியது. பெரியவர்களுக்கென்று இளக்கமாகச் செய்ததை அறுத்துச் சிறிதாக்கி விற்பதும் உண்டு. அதை வாங்கக் கூடாது.

மூன்றாவது சாதாரண நுரை மெத்தை. விலை மலிவு. இதில் கெட்டியும் உண்டு, இளக்கமும் உண்டு. கெட்டியானது குழந்தைக்குப் போதுமானது. மலிவானதால் மட்டம் என்று எண்ண வேண்டாம்.

நான்காவது தேங்காய் நார் மெத்தை. நாரை ரப்பர்ப்பாலில் ஒட்டி அழுத்திச் செய்வது. நன்கு கெட்டியாக இருக்கும். ஈரம் பட்டால் வெயிலில் உலர்த்த வேண்டும். நார் வெளியே நீட்டிக் குத்தாதபடி உறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கெட்டியைச் சோதிப்பது எப்படி? உள்ளங்கையை நடுவிலும் ஓரங்களிலும் வைத்து நன்றாக அழுத்திக் கையை எடுக்க வேண்டும். உடனே பழையபடி நிமிர வேண்டும். கையின் தடம் நிற்கக் கூடாது. குழந்தையைப் படுக்க வைத்தால் தலை இருக்கும் இடம் பள்ளமாகக் கூடாது. “இது கட்டாந்தரை மாதிரி இருக்கே பாய்” என்று வாங்க வந்தவர் குறை சொன்னால், அதுவே சரியான மெத்தை என்று அறியவும்.

அடுத்தது அளவு. இந்நாட்டில் 24க்கு 48 அங்குலமும், 28க்கு 52 அங்குலமும் அதிகமாக விற்பவை. ஆனால் கட்டில்கள் எல்லாம் ஓர் அளவில் வருவதில்லை. ஆகையால் கட்டிலின் உட்புறத்தை அளந்து வரும்படி வாங்குவோரிடம் சொல்ல வேண்டும். மெத்தைக்கும் கட்டிலின் சட்டத்திற்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையுமானால் அந்த மெத்தை உதவாது. அந்தச் சந்தில் குழந்தையின் முகம் சிக்கும். சந்தில் துணியைத் திணிப்பதும் கூடாது. கனம் மூன்று நான்கு அங்குலம் போதும். ஆறு அங்குலத்திற்கு மேல் போனால் கட்டிலின் தடுப்பு உயரம் குறைந்து, எழுந்து நிற்கும் குழந்தை வெளியே விழும்.

மூன்றாவது பிளாஸ்டிக் உறை. புது மெத்தை அழுக்காகாமல் இருக்கட்டும் என்று கம்பெனி உறையைக் கழற்றாமலே வைத்திருப்பது நம் மக்களின் வழக்கம். குழந்தை மெத்தையில் இது பெருந்தவறு. மெல்லிய பிளாஸ்டிக் மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொள்ளும்; நம் ஊர் வெக்கையில் வியர்வையும் பெருகும். கடையிலேயே உறையைப் பிரித்துக் கொடுப்பது நலம். மூத்திரம் ஊறாமல் இருக்க மெத்தையோடு இறுகப் பொருந்தும் கனத்த நீர்புகா உறையும், அதன் மேல் இழுத்துச் செருகும் மெல்லிய பருத்தி விரிப்பும் போதும்.

நான்காவது, மெத்தையின் மேல் இருக்கக் கூடாதவை. தலையணை, பக்கத் தலையணை, கனத்த போர்வை, பொம்மை, சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு ஒன்றும் வேண்டாம். குழந்தை திடுக்கிடாமல் இருக்கப் பச்சைப்பயற்றுத் தோல் நிரப்பிய சிறு தலையணையை வயிற்றின் மேல் வைப்பதும் இங்கே வழக்கம். அது நழுவி முகத்தின் மேல் வரலாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று குழித் தலையணை கேட்பார்கள். அதற்குப் பதிலாக, குழந்தை விழித்திருக்கும்போது பெரியவர் பக்கத்திலிருந்து சிறிது நேரம் குப்புறப் போடுவதும், படுக்கும்போது முகத்தை ஒரு நாள் வலமும் ஒரு நாள் இடமுமாகத் திருப்பி வைப்பதும் போதும். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு மே மாதம் செய்த சட்டத்தால் பஞ்சுத் தடுப்புகளையும், குழந்தையைச் சாய்வாக உறங்க வைக்கும் படுக்கைகளையும் விற்பதே தடை செய்யப்பட்டுவிட்டது. வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே விலக்கப்பட்ட சரக்கை இங்கே அழகான செட் என்று நாம் விற்கலாமா?

சேலைத் தொட்டிலைப் பற்றிக் கேட்பீர்கள். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வரிசையாகக் கட்டிய தொட்டில்களில் வளர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். தாலாட்டை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் சேலை வளைந்து குழந்தையின் மோவாய் மார்பில் இடித்தால் மூச்சு தடைப்படும். ஆயாக்கொட்டகையில் ஆயா ஒருத்தி எப்போதும் பார்த்திருந்தாள். இரவில் அசந்து தூங்கும் வீட்டில் யார் பார்ப்பது? ஆகவே தூங்கிய பின் எடுத்துச் சமதளமான மெத்தையில், தாயின் அறையிலேயே, தனியாக மல்லாக்கக் கிடத்துவதே நல்லது. தொட்டிலுக்குள் தலையணையோ மெத்தையோ திணிக்கக் கூடாது.

இனிச் செலவு. கைப்பணம் குறைந்தவர்கள் கட்டிலைப் பழையதாக வாங்கலாம். சட்டம் ஆடாமலும், கம்பிகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமலும், பக்கத்தடுப்பு மேலும் கீழும் இறங்காத மாதிரியாகவும் இருந்தால் சரி. இறங்கும் தடுப்புள்ள கட்டில்களை அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் மெத்தையை மட்டும் புதிதாக வாங்குவதே நலம். 2002ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி, வேறு வீட்டில் பயன்படுத்திய மெத்தையில் படுத்த குழந்தைகளிடையே தொட்டில் மரணம் அதிகமாக இருந்ததைக் காட்டியது. மெத்தைதான் காரணம் என்று அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆயினும் பழைய மெத்தை குழிந்திருக்கும், ஈரமும் ஏறியிருக்கும் என்பது நமக்கே தெரியும். கட்டில் வாங்கவே வசதியில்லாத வீட்டில், தரையில் பாய் விரித்து, அதன் மேல் கெட்டியான சிறு மெத்தை போட்டுக் குழந்தையைத் தனியே கிடத்தலாம். பெரியவர்களின் இளக்கமான மெத்தையையும் சோபாவையும் விட அது மேல்.

ஆக, வாங்குவோர் செலவிட வேண்டியது கெட்டியான ஒரு மெத்தைக்கும், ஒரு நீர்புகா உறைக்கும், மாற்றுவதற்கு இரண்டு விரிப்புக்கும் மட்டுமே. பூப்போட்ட செட்டின் விலையில் பாதிகூட ஆகாது.

சகோதரர்களே, இங்கேதான் நம் பங்கு வருகிறது. உண்மையைச் சொன்னால் செட் விற்காது, லாபம் குறையும். எனக்கும் குறைந்தது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை ஏன் மேலே வைத்து விற்கவில்லை என்று அந்த வியாபாரியைக் கேட்ட வரலாறு நமக்கு மதரஸாவிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டது. மெத்தையும் அப்படித்தான். குறை துணிக்குள் மறைந்திருக்கும். வாங்குவோர் கண்ணுக்குத் தெரியாது. விற்பவன்தான் சொல்ல வேண்டும்.

இப்போது என் கடையில் செட்டைப் பிரித்துவிட்டேன். ஒரு மெத்தையின் ஓரத்தை அறுத்து, உள்ளே இருப்பது தெரியும்படி மேசை மேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்களை அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். சிலர், “மெத்துனு இல்லையே” என்று அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும். நீங்கள்தாமே அந்த அடுத்த கடைக்காரர்? அவர்கள் உங்களிடம் வரும்போது நீங்களும் இதையே சொல்லுங்கள்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் அந்த மாமியார் பேரனை அழைத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடச் சட்டை எடுத்தார். பையன் என் கல்லாப்பெட்டியின் மேல் ஏறி நின்றான். இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.