எக்ஸ்-கதிர்ப் படமும் பின்னணி இரைச்சலும்

ரிஷிவந்தியத்தில் எம் இல்லத் திண்ணையில் பாட்டியார் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவதைச் சிறு பருவந்தொட்டே யான் கண்டுள்ளேன். கருங்கல் ஒன்று கிடப்பின் அவர் விரல் நேரே அதன்மேற் செல்லும். வெண்கல்லாயின் சற்றே தயங்கும். அதே கருங்கல் உளுந்தில் வீழ்ந்துவிட்டால் அதனைக் கண்டுபிடிப்பது கண்ணன்று, பல்லே! கல் மாறிற்றில்லை, அதனைச் சூழ்ந்துள்ளது மாறிற்று. மருத்துவர் படத்தில் நோய்க்குறியைத் தேடுவதும் இத்தன்மைத்தே.

ஜெர்மானியராகிய ரான்ட்ஜன் இக்கதிரை 1895ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாளிற் கண்டறிந்தார். சென்னையில் இக்கலைக்கென்றே பர்னார்டு நிலையம் 1934-ல் எழுந்தது. கனமும் ஆழமும் உடைய மார்பு, படத்தில் ஒரே தளத்து நிழலாகிவிடுகின்றது. விலாவெலும்பு, குருதிக்குழாய், இதயம், காறையெலும்பு யாவும் ஒன்றன்மேலொன்றாய்ப் படிகின்றன. தேடப்படும் சிறு கட்டியும் அந்நிழல்களுள் ஒரு நிழலே. அதனைக் காணவொட்டாது தடுப்பனவற்றை அறிஞர் 'இரைச்சல்' என்பர். செவிக்குரிய சொல் கண்ணுக்குரியதாயிற்று. தமிழ் மாணவனுக்கு இஃதோர் இனிய வியப்பு.

இவ்விரைச்சல் இருவகைத்து. முதலாவது, கதிரின் இயல்பால் வருவது. தூறல் தொடங்குங்கால் முற்றத்துக் கற்கள் எல்லாவற்றின்மீதும் துளிகள் ஒத்த எண்ணில் வீழ்வதில்லை. கதிர்த்துகள்களும் அவ்வாறே. ஓரிடத்தில் சராசரி 100 துகள் வீழுமாயின் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 10, அஃதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 வீழுமாயின் 100, அஃதாவது நூற்றுக்கு ஒன்றே. ஒரு குறியைக் கண் ஐயமின்றி அறிய, அது இவ்வேற்றத்தாழ்வினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிக்கிருத்தல் வேண்டுமென ஆல்பர்ட் ரோஸ் 1948-ல் காட்டினார். கதிரை மிகுத்தால் இவ்விரைச்சல் குறையும். ஆயின் நோயாளியின் உடல் அதற்கு விலை கொடுக்கும்.

இரண்டாவது வகையே கொடிது. அஃது உடலின் அமைப்பே. கதிரை எத்துணை மிகுப்பினும் விலாவெலும்பு விலகாது. இன்னும் தெளிவாய் நின்று மறைக்கும்! ரெவெஸ், குண்டெல், கிரேபர் என்னும் மூவர் 1974-ல் இதனை ஆராய்ந்தனர். கட்டியின் நிறவேற்றுமை மட்டும் போதாது. சூழ்ந்துள்ளவற்றின் சிக்கலையும் உடன்வைத்து அளந்தாலன்றி அதன் புலப்பாட்டை அறியலாகாதெனப் பின்னர் முடிவுகட்டினர். நுரையீரலின் சிறு கட்டிகளை மறைப்பதில் கதிரின் இரைச்சலினும் உடலமைப்பின் இரைச்சலே பெரும்பங்குடையதென 1999-ல் சமேய் முதலியோரும் கண்டனர். அமெரிக்க மேயோ மருத்துவமனையார் 1983-ல் வெளியிட்ட ஆய்விலோ, நுரையீரலின் புறப்பகுதிப் புற்றுகள் 50-ல் 45 பழைய படங்களிலேயே, திரும்ப நோக்குங்கால், தென்பட்டனவாம்.

இச்செய்தியைப் படித்த அன்று எனக்கு உணவு செல்லவில்லை. என் பெரிய தந்தையார் நீங்கா இருமலோடு ஒரு மருத்துவமனைக்குச் சென்றபோது, படத்தில் குறையொன்றுமில்லை என்றனர். எட்டுத் திங்கள் கழித்து வேறொரு மருத்துவர் இரு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். முதற்படத்திலேயே காறையெலும்பின் பின்னே ஒரு மாசு! என் கண்ணுக்கும் அது தெரிந்தது. இடத்தைச் சுட்டியபின் எவர்க்குத்தான் தெரியாது? முன்பு அவர்மீது எழுந்த சினம் இப்பொழுது அவ்வளவில்லை; முற்றும் தணிந்தது என்றும் சொல்லேன்.

1971-ல் தொடங்கிய ஸி.டி. முறை உடலை வாழைத்தண்டு அரிவதுபோல் ஏடு ஏடாகக் காட்டி, மேற்படியும் நிழல்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. அதற்கு முன்னரே எளிய வழியொன்று உண்டு. நோயாளியைப் பின்னே சாய்ந்து நிற்கச் செய்து எடுத்தால், காறையெலும்பின் நிழல் மேலேறி நுரையீரலின் உச்சி வெளிப்படும். பெரிய தந்தையாரை அவ்வாறு ஒருமுறை நிற்கச் சொன்னார் எவருமிலர்.