சிக்ஷை என்னும் சொல்

ஒரே நாட்டில், ஒரே லிபியில், ஒரே எழுத்துக்களால் எழுதப்படும் ஒரு சொல் ஓரிடத்திற் கல்வியையும் மற்றோரிடத்தில் தண்டனையையும் குறிக்குமாயின், அதன் வரலாறு மாணாக்கர் ஆராய்தற்குரியதேயாம். 'சிக்ஷா' என்பது அத்தகைய சொல். இதனை நாகரி லிபியில் எழுதிக் காசியிலுள்ள ஹிந்தி வாணரொருவர்க்குக் காட்டினால் 'கல்வி' என்பர். அத்தாளையே புனாவிலுள்ள மராத்தியரொருவர்க்குக் காட்டினால் 'தண்டனை' என்பர். எழுத்தில் ஒரு கீற்றும் வேறுபாடில்லை.

இவ்வேறுபாடு வீட்டுப் பேச்சளவில் நில்லாது அரசியற் பத்திரங்களிலும் புகுந்திருக்கின்றது. டில்லியிலுள்ள கல்வி அமைச்சு ஹிந்தியில் 'சிக்ஷா மந்த்ராலய' எனப் பெயர் பெறும். 1860இல் இயற்றப்பெற்று 2024 ஜூலை வரை வழங்கிய இந்திய தண்டனைச் சட்டத்தையோ மலையாளிகள் 'சிக்ஷா நியமம்' என்றும், தெலுங்கர் 'சிக்ஷா ஸ்மிருதி' என்றும் வழங்கினர். வடக்கே பள்ளிக்கூடத்தை நினைப்பூட்டும் சொல் தெற்கே சிறைக்கூடத்தை நினைப்பூட்டுகின்றது. 2001இல் 'சர்வ சிக்ஷா அபியான்' என்னும் கல்வித் திட்டம் நாடெங்கும் பரவியபோது, தமிழ்நாட்டார் அதனை 'அனைவருக்கும் கல்வி இயக்கம்' என மொழிபெயர்த்துத் தப்பினர். கன்னடர் ஓரெழுத்தைக் கூட்டிச் 'சிக்ஷண' என்றாக்கிக்கொண்டனர். அவர்தம் மொழியிற் சிக்ஷண என்பது கல்வி, சிக்ஷெ என்பது தண்டனை. மலையாளிகள் பெயரை மாற்றாமலே ஏற்றனர். 'எல்லார்க்கும் தண்டனை' என்று அந்நாட்டுப் பிள்ளைகள் நகைத்திருப்பின், அவர்கள்மேற் குற்றமில்லை.

நிற்க. இச்சொல்லின் பிறப்பை நோக்குவோம். வடமொழியில் 'சக்' என்னும் தாது 'இயலுதல், வல்லனாதல்' எனப் பொருள்படும். சக்தி என்னும் சொல் அதன் வழித்தோன்றலே. வடமொழி வினைகட்கு விருப்பப் பொருளைத் தரும் ஒரு திரிபு உண்டு. பருகுதலைக் குறிக்கும் 'பா' என்னும் தாது, அத்திரிபினாற் பருகும் வேட்கையாகிய 'பிபாஸை' ஆகும்; அறிதலைக் குறிக்கும் 'ஞா', அறியும் வேட்கையாகிய 'ஜிஜ்ஞாஸை' ஆகும். அவ்வாறே 'சக்' என்பது 'சிக்ஷ்' எனத் திரிந்து, 'வல்லனாக வேண்டும் என்று விழைதல்' எனப் பொருள்பட்டது. அதனோடு ஓசையொத்த பிக்ஷையும் இவ்வாறு பிறந்ததே. பகிர்தலைக் குறிக்கும் 'பஜ்' என்னும் தாதுவினின்று, பங்கு பெற விழைதல் என்னும் பொருளில் அது தோன்றிற்று. ஆகவே முதற்கண் சிக்ஷை என்பது ஒருவன் பிறனுக்குச் செய்வதன்று. தன்னுள்ளே கொள்ளும் ஓர் ஆவல். அவ்வினைக்கு எழுவாய் மாணாக்கன், ஆசிரியனல்லன்.

பின்னர் அச்சொல் கற்கும் பொருளுக்கும் ஆகிவந்தது. வேதாங்கங்கள் ஆறனுள் ஒன்றாகிய சிக்ஷை எழுத்துக்களின் ஒலிப்புமுறையை உணர்த்துவது. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துக்களின் பிறப்பைப் பற்றிக் கூறுவதனோடு அதனை ஒப்பிட்டுக் காண்டல் மாணாக்கர்க்குப் பயன் தரும். பாலி மொழியில் இச்சொல் 'ஸிக்கா' எனத் திரிந்து பௌத்தத் துறவியரின் பயிற்சியைக் குறித்தது.

தண்டனைப் பொருள் எங்ஙனம் வந்தது? எழுவாய் மாறியதனாலென்றே கூறுவோம். 'அவன் கற்க விழைந்தான்' என்பது போய், 'ஆசிரியன் அவனைப் பயிற்றினான்' என்றாயிற்று. பயிற்றுதல் திருத்துதலாயிற்று, திருத்துதல் ஒறுத்தலாயிற்று. கோதண்டம் போட்டுப் பிள்ளைகளைத் தொங்கவிட்ட நம் திண்ணைப் பள்ளிகளை நினைப்பார்க்கு இம்மாற்றம் வியப்பளியாது. தமிழிற் 'சிட்சிக்கப்பட்டான்' எனச் செயப்பாட்டு வினையாகவே நாம் பெரிதும் வழங்குகின்றோம். விழைந்து முன்னின்ற மாணாக்கன் அடிபடும் செயப்படுபொருளாகி நிற்கின்றான். மராத்தியில் 'சிக்ணே' என்னும் வினை இன்றும் கற்றலையே குறிக்க, அதன் உடன்பிறப்பாகிய சிக்ஷா மட்டும் பிரம்பைக் கையிலெடுத்துக்கொண்டது. வங்கத்தாரோ இரண்டையும் விடவில்லை. அவர்க்குச் சிக்ஷா கல்வியே யாயினும், ஒருவனைத் தக்கபடி ஒறுப்பதையும் 'சிக்ஷா கொடுத்தல்' என்பர். 'அவனுக்கு நல்ல பாடம் கற்பித்தேன்' என்று நாம் கூறுவதும் அதுவே.

இது பாரத தேசத்தார்க்கு மட்டும் உரிய விந்தையன்று. கிரேக்கர் 'பாய்ஸ்', அதாவது குழந்தை, என்னும் சொல்லினின்று 'பைதேயா' என்பதை ஆக்கிக் கல்வியையும் வளர்ப்பையும் குறித்தனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டினராகிய ஸெனபோன், பாரசீக மன்னன் ஸைரஸைப் பற்றி எழுதிய நூலின் பெயரிலும் அச்சொல் உண்டு. எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர், போதனையையும் கண்டனையையும் ஒருங்கே உணர்த்தும் 'மூஸார்' என்னும் எபிரெயச் சொல்லுக்குப் பைதேயாவையே அமைத்தனர். அதன்பின் அதுவும் அடியின் வாடையைப் பெற்றது. புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் வருவது பைதேயாவே. தமிழ் வேதாகமம் அங்கே 'சிட்சை' என்கின்றது. ஒரே வழியில் நடந்து வந்த இரு சொற்களை ஓரிடத்திற் சேர்த்த அம்மொழிபெயர்ப்பு மிகப் பொருத்தமுடையதென்பது நம் கருத்து. தண்டனை என்று மட்டும் மொழிபெயர்த்திருப்பின், தந்தை மகனை வளர்க்கும் பொருள் அங்கே மறைந்திருக்கும்.

தமிழில் இச்சொல்லின் பழம்பொருள் முற்றும் அழிந்துவிடவுமில்லை. ஒரு வித்துவானைப் பற்றி, 'இன்னாரிடம் பல்லாண்டு சங்கீத சிக்ஷை பெற்றவர்' என எழுதுகின்றோம். அதனைப் படிப்பவர் எவரும் அவர் பல்லாண்டு அடிபட்டார் என்று கொள்வதில்லை. விடியலிலெழுந்து குரல் சாதகஞ் செய்ததையே நினைக்கின்றனர்.

பிள்ளைகட்கு இலவசக் கட்டாயக் கல்வியுரிமை வழங்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஹிந்திப் பெயரிற் சிக்ஷா என்னும் சொல்லே உளது. மராத்தியில் அதனைப் பெயர்த்தோர் விழிப்பாயிருந்து 'சிக்ஷண' என மாற்றிக்கொண்டனர். மாற்றாதிருந்தால், அது பிள்ளைகள் தண்டனை பெறும் உரிமைச் சட்டமாகியிருக்கும். அச்சட்டத்தின் 17ஆம் பிரிவோ பள்ளியிற் பிள்ளைகளை அடித்தலை அறவே விலக்குகின்றது.