நான்கு கோடி இலக்கங்கள் கொண்ட பகா எண்

நம்பிக்கை: உலகின் மிகப்பெரிய பகா எண் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

2024 அக்டோபரில் கிடைத்தது, இதுவரை நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப்பெரியது, அவ்வளவே. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி 1ஐக் கழித்தால் அந்த எண் வரும், 4,10,24,320 இலக்கங்கள். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார்.

நம்பிக்கை: 2இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், 1ஐக் கழித்து வரும் விடையும் பகா எண்தான்.

2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளுக்கு 3, 7, 31, 127 என்று அழகாக வருகிறது. 11இல் உடைந்துவிடுகிறது: 2047 என்பது 23 × 89. இப்படிப் பகா எண் தரும் அடுக்குகள் என்று 1644இல் கணித அறிஞர் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 67ஆம் அடுக்கும் இருந்தது. அதுவும் பிழை.

நம்பிக்கை: ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாக வேண்டும்.

இந்த நம்பிக்கைதான் கணிதத்தின் ஓர் அருமையான வழியை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. அந்த 67ஆம் அடுக்கு எண் பகு எண் என்று 1876இல் கணித அறிஞர் லூக்கா நிறுவியபோது, அதன் காரணி ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. 19,37,07,721 மற்றும் 7,61,83,82,57,287 என்ற இரு காரணிகளைக் கணித அறிஞர் கோல் வெளியிட்டது 1903இல்!

லூக்கா தொடங்கி, லேமர் செம்மைப்படுத்திய சோதனை வியக்கவைக்கும் அளவுக்கு எளியது. 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே திரும்பச் செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் போதும். கடைசியில் மீதி 0 என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண். 31ஐ எடுத்துக்கொள்வோம். அடுக்கு 5, ஆகவே மூன்று தடவை: 4, 14, அடுத்து 194இன் மீதி 8, அடுத்து 62இன் மீதி 0. 2047க்கு ஒன்பதாவது தடவையில் 1736 மிஞ்சுகிறது. 2ஐத் தவிர்த்த எல்லாப் பகா அடுக்குகளுக்கும் இது பொருந்தும். புதிய எண்ணும் இதே சோதனையில்தான் உறுதியானது. பள்ளி மாணவர்கள் தாளிலேயே செய்துபார்க்கக்கூடிய இதைப் பாடநூல்களில் சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம்பிக்கை: வங்கிகளின் ரகசியக் குறியீட்டுக்கு இந்தப் பெரிய எண் உதவும்.

உதவாது. அங்கே தேவைப்படுபவை, பெரும்பாலும் சில நூறு இலக்கங்களே உள்ள, யாருக்கும் தெரியாத பகா எண்கள். இதுவோ உலகறிந்த எண்.

இதற்கு அடுத்த பகா எண் எவ்வளவு தொலைவில் இருக்கும்? 1ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது உண்டு என்று 19ஆம் நூற்றாண்டிலேயே செபிஷேவ் நிறுவியிருக்கிறார். ஆகவே 13,62,79,842ஆம் அடுக்கை எட்டுவதற்குள் இன்னொன்று நிச்சயம் இருக்கிறது. அது எது என்பதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.