மாருத்: குறைந்த வேகத்திலும் ஒரு பயன்

ஒரு பணிக்கென வடிவமைத்த கருவி அப்பணிக்குப் போதாது என்று தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டுமா? இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானமான ஹெச்.எஃப்.-24 மாருத் இதற்கு விடை சொல்கிறது. ஜெர்மானியப் பொறியியலர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான இவ்விமானம் 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது.

ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறப்பதே இதன் குறிக்கோள். அதற்கு ஏறத்தாழ 3,700 கிலோ உந்துவிசை தரும் இரு எஞ்சின்கள் வேண்டும். பிரிட்டனில் உருவாகி வந்த அந்த எஞ்சினை முழுமையாக்கப் பணம் ஒதுக்கப்படாததால் அது கைவிடப்பட்டது. எனவே 2,200 கிலோ உந்துவிசை உள்ள எஞ்சின்களே பொருத்தப்பட்டன.

இதனால் என்ன நேர்ந்தது? உந்துவிசையும் காற்றின் தடைவிசையும் சமமாகும்போது விமானத்தின் வேகம் அதற்குமேல் கூடாது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதிர்ச்சி அலைகள் தோன்றித் தடைவிசை திடீரென ஏறுகிறது. பாடி மேம்பாலத்தில் சைக்கிள் மிதிப்பவர் வலுவின்றிப் பாதி ஏற்றத்தில் தேங்குவதைப்போல, மாருத்தும் ஒலிவேகத்தின் அருகிலேயே தேங்கிவிட்டது. இக்குறையைப் போக்கும் முயற்சிகள் நடந்தன. 1970 ஜனவரி 10 அன்று, கூடுதல் உந்துவிசைக்காக மாற்றியமைத்த மாருத்தைச் சோதித்த குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் விபத்தில் உயிரிழந்தார்.

ஆனால் தரையை ஒட்டிப் பறக்கையில் நிலைமை வேறு. அங்கே காற்று அடர்த்தியானது. குண்டுகளைச் சுமந்து செல்லும் வேகமான விமானங்களும் அங்கே ஒலிவேகத்தைத் தாண்டுவது அரிது. ஆகவே மாருத்தின் குறை அங்கே பெரிதாகத் தெரியவில்லை. பின்சாய்ந்த இறக்கைகளால் அது அதிகம் குலுங்காமல் பறந்தது. ஓர் எஞ்சின் பழுதானாலும் மற்றதைக்கொண்டு தளம் திரும்ப முடிந்தது. 1971 டிசம்பர்ப் போரில் ராஜஸ்தான் எல்லையில் தரை இலக்குகளைத் தாக்கும் பணியை மாருத் திறம்படச் செய்தது.

இன்னொரு பயனும் உண்டு. 1967இல் எகிப்து, தான் உருவாக்கிய ஈ-300 எஞ்சினை ஒரு மாருத்தில் ஒருபுறம் மட்டும் பொருத்திச் சோதித்தது. புதிய எஞ்சின் நின்றாலும் பழைய எஞ்சின் காப்பாற்றும் அல்லவா!

மொத்தம் 147 மாருத் விமானங்கள் செய்யப்பட்டன.

சிந்திக்க: தடைவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் மட்டுமே மாறுவதாகக் கொள்வோம். உந்துவிசை 3,700இலிருந்து 2,200 கிலோவாகக் குறைந்தால் வேகம் எத்தனை பங்காகும்? ஏறத்தாழ 0.77 பங்கு என்பது விடை. உண்மையில் மாருத்தின் வேகம் குறிக்கோளில் பாதிதான். இந்த வேறுபாடு ஏன்? மேலே சொன்ன மேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள்.