டிவ் ஒன்றும் பட்டன் ஆகாது

கே: எங்கள் கடையின் வலைத்தளத்தில் கேள்வியைத் தொட்டால் பதில் விரியும்படி டிவ் வைத்துச் செய்தேன். மவுஸில் அருமையாக வேலை செய்கிறது. பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர், ‘கேள்வி மட்டும்தான் இருக்கிறது, பதிலே இல்லையே’ என்கிறார். எங்கே தவறு?
– வாசகர், கோவை

ப: டிவ் என்றீர்களே, அங்கேதான். டிவ் வெறும் பெட்டி. டேப் விசை அதில் நிற்காது. என்டர், ஸ்பேஸ் எதற்கும் அசையாது. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அதைப் பட்டன் என்று சொல்லாமல் வாசித்துவிட்டு நகர்ந்துவிடும். உள்ளே பதில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இப்படிச் சொன்னதும் ரோல், டேப்இண்டெக்ஸ் என்று ஒட்டுப்போட ஆரம்பிப்பீர்கள். என்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதி, ஸ்பேஸை மறப்பீர்கள். ஸ்பேஸ் நினைவிருந்தாலும், அதை அழுத்தினால் பக்கமே கீழே ஓடுவதைத் தடுக்க மறப்பீர்கள். பட்டன் டேக் போட்டிருந்தால் இத்தனையும் சும்மா கிடைத்திருக்கும். ‘பட்டன் பார்க்க நன்றாக இல்லை சார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். சிஎஸ்எஸ் பிறகு எதற்கு இருக்கிறது? எச்டிஎம்எல்லில் உள்ளதே போதுமென்றால், திரைவாசிப்பானுக்காக ஒட்டும் ஆரியா குறிகளைத் தொடாதே என்பதுதான் ஆரியாவின் முதல் விதி. பட்டனில் நீங்கள் சேர்க்க வேண்டியது ஆரியா-எக்ஸ்பாண்டட் ஒன்றுதான்: மூடியிருக்கும்போது ஃபால்ஸ், திறந்ததும் ட்ரூ. அதையும் பட்டனில் போடுங்கள். விரியும் பெட்டியில் போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

கே: திறந்ததும் பட்டனின் பெயரை ‘காட்டு’ என்பதிலிருந்து ‘மறை’ என்று மாற்றுகிறேன். ஆரியா-எக்ஸ்பாண்டடும் உண்டு. சரியா?
– வாசகி, ஈரோடு

ப: ‘மறை, விரிந்துள்ளது’ என்று காதில் விழுந்தால் நீங்கள் என்ன புரிந்துகொள்வீர்கள்? பெயரை மாற்றாதீர்கள்.

கே: மூடிய பகுதிக்குள் இருக்கும் லிங்குகளிலும் டேப் போய் நிற்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
– வாசகர், திருச்சி

ப: தூங்குங்கள், சின்ன விஷயம்தான். உயரத்தைப் பூஜ்யமாக்கி மூடியிருப்பீர்கள்; அது கண்ணுக்கு மட்டும்தான் மறைக்கும். ஹிடன் அல்லது டிஸ்ப்ளே நன் கொடுங்கள், டேப் உள்ளே போகாது.

கே: டீடெயில்ஸ், சம்மரி டேகுகளே போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

ப: பெரும்பாலும் போதும், ஸ்கிரிப்டே வேண்டாம். எல்லா டீடெயில்ஸுக்கும் ஒரே நேம் கொடுத்தால், ஒன்றைத் திறக்கையில் மற்றது தானே மூடிக்கொள்ளும். ஆனால் இரண்டு பதில்களை ஒப்பிட்டுப் படிக்கிறவரை அது படுத்தியெடுக்கும். எனக்குப் பிடிக்காது.

கே: விரிக்கும் அம்புக்குறி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
– வாசகி, சேலம்

ப: 2023இல் வந்த வலை அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2, தொடும் இடத்துக்குக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. சில விலக்குகள் உண்டு. அம்புக்குறியை ஏன் அளக்கிறீர்கள்? வரி முழுவதையும் பட்டனாக்குங்கள்.

கே: ‘பார்வையற்றவர்கள் நம் தளத்துக்கு வருவதே இல்லை’ என்கிறார் மேனேஜர்.
– பெயர் வேண்டாம், சென்னை

ப: வந்தவர்கள் திறக்க முடியாமல் திரும்பிப் போயிருப்பார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதை அவரிடம் காட்டுங்கள். என்விடிஏ இலவசம். அவர் கணினியில் இறக்கிக் கொடுத்து, மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் தளத்தில் ஒரே ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள்.